செருப்புக் காணிக்கையும் வில்லுப்பாட்டும்: முத்துப்பட்டன் கதை பாடப்படும் நிலம்

அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே விக்கிரமசிங்கபுரத்தையும் பாபநாசத்தையும் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மலையேறும் சாலை, சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கொண்டு சேர்க்கும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், ஆற்றங்கரையில் இருக்கும் கோயில் அது. ஆடி அமாவாசைக்குத் தென் மாவட்டங்களின் பல மூலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, ஆற்றோரம் குடில் போட்டுத் தங்கி, பொங்கலிட்டுப் போவார்கள். மகாலிங்கம், சொரிமுத்து அய்யனார், சங்கிலிபூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய் மாடன், தூசி மாடன் என்று அங்கே தெய்வங்கள் பல. அவர்களுள் ஒருவர் பட்டவராயன். அவருக்கு நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து செலுத்தும் காணிக்கை, தோலில் தைத்த செருப்பு. காணிக்கைச் செருப்புகள் நாளாவட்டத்தில் தேய்ந்துபோவதைக் காட்டி, இரவில் சாமி அவற்றை அணிந்துகொண்டு காட்டைச் சுற்றி வருவதாகப் பக்தர்கள் சொல்வார்கள்.

செருப்பைத் தொட்டால் தீட்டு என்று பல தலைமுறைகள் நம்பிய சமூகத்தில், அதே செருப்பு ஒரு தெய்வத்தின் திருமுன் தொங்குகிறது. சாதி வேறுபாடின்றி எல்லாரும் அதைச் செலுத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதிலாகக் கிடைப்பது ஒரு கதை. அந்தக் கதைக்கு உறைவிடம் வில்லுப்பாட்டு. இசையும் நடிப்பும் வழிபாடும் கவிதையும் பிரிக்க முடியாதபடி கலந்த ஒரு கலை, நடந்த அநீதி ஒன்றை இந்த மலையடிவாரத்தில் எப்படி மறக்கவிடாமல் காத்து வந்திருக்கிறது என்பதற்கு முத்துப்பட்டன் கதை நல்ல சான்று.

பாட்டில் தொடங்கும் கதை

முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன்மார் பலருக்கு இளையவன். கல்வி கற்றவன், அழகன். வீட்டாரோடு பிணங்கி மலையாள நாட்டுக்குப் போய்க் கொட்டாரக்கரை அரசனிடம் வேலை பார்க்கிறான். அண்ணன்மார் தேடிப் போய் அவனை அழைத்து வருகிறார்கள். திரும்பும் வழியில், மலைக்காட்டில், அவன் காதில் ஒரு பாட்டு விழுகிறது. பாடுகிறவர்கள் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்கள். மாடுகளைக் காவல் காக்கும் வாலப்பகடையின் மகள்கள். செருப்புத் தைக்கும் குலத்தவர்.

முகத்தைப் பார்க்கும் முன்பே குரலில் மயங்கியவன் அவர்களைத் தேடி ஓடுகிறான். அவர்கள் அஞ்சித் தந்தையிடம் ஓடுகிறார்கள். மகள்களுக்குத் தீங்கு செய்ய வந்தவனைக் கொல்வதென்று ஆயுதத்தோடு கிளம்பிய வாலப்பகடை, மயங்கிக் கிடக்கும் பட்டனைக் காண்கிறான். பட்டன் பெண் கேட்கிறான். வாலப்பகடை நம்பவில்லை. மேல்சாதியான் ஒருவன் கீழ்சாதிப் பெண்ணை விரும்புவதாகச் சொன்னால் அதன் முடிவு என்ன என்று அவனுக்குத் தெரியும். ஆகவே நிபந்தனை விதிக்கிறான். குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிய வேண்டும். செருப்புத் தைக்கக் கற்று, தைத்ததைத் தானே சுமந்து விற்க வேண்டும். அதன் பிறகே கல்யாணம்.

பட்டன் ஒப்புக்கொள்கிறான். அண்ணன்மார் கெஞ்சுகிறார்கள், மிரட்டுகிறார்கள், கடைசியில் அடைத்தும் வைக்கிறார்கள். அவன் தப்பி வந்து, சொன்னதையெல்லாம் செய்து காட்டி, இருவரையும் மணக்கிறான். அன்றிரவே மாடு கவரும் கூட்டமொன்று மாமனாரின் கிடையில் புகுந்ததாகச் செய்தி வருகிறது. மணக்கோலத்தோடு போய்ச் சண்டையிட்டு மாடுகளை மீட்கிறான். வென்றபின் ஓடையில் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஒளிந்திருந்த ஒருவன் பின்னால் வந்து குத்துகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி அரசரிடம் போய்த் தீப்பாய அனுமதி கேட்டுப் பெற்று, கணவனோடு எரிகிறார்கள். மூவரும் தெய்வமாகிறார்கள். பட்டன் பட்டவராயன் ஆகிறான்.

இந்தக் கதை முழுக்க உள்ளூர் மண்ணில் நடக்கிறது. கதைக்குள் அனுமதி தரும் சிங்கம்பட்டி ஜமீன், வெறும் பெயரன்று. அந்த ஜமீனின் காட்டு நிலத்தில்தான் கோயில் இருந்தது. 1929-இல் சுமார் 8,374 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதும், அங்கே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் உருவானதும் இந்த ஜமீனின் வரலாறு. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகும் ஆடி அமாவாசை விழாவில் அரச உடையணிந்து வீற்றிருந்து மரியாதை பெற்று வந்தவர் முருகதாஸ் தீர்த்தபதி. 2020 மே மாதம் அவர் மறைந்தார். இரு பெண்கள் சாவதற்கு அனுமதி கேட்கப் போன அரண்மனையும், அவர்களைத் தெய்வமாக வணங்கும் விழாவில் முதல் மரியாதை பெற்ற அரண்மனையும் ஒன்றே. பாட்டைக் கேட்கும் கூட்டத்துக்கு இந்த உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வில், குடம், சொல்

வில்லுப்பாட்டின் மேடை எளிமையானது. ஆள் நீளத்துக்கும் மேலான ஒரு வில், அதில் வரிசையாகக் கட்டிய மணிகள், இறுக்கிப் பூட்டிய தோல் நாண். வில்லைத் தாங்க ஒரு மண்குடம். பாட்டை நடத்துபவர் புலவர். வீசுகோல் இரண்டால் நாணை அடித்து அவர் கதையை எடுத்துச் செல்ல, ஒருவர் குடத்தின் வாயில் மட்டையால் அடித்துக் கும்மென்ற ஓசையைக் கிளப்புவார். உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் சேரும். வலப்பக்கம் இருந்து பாடுகிறவர்கள் ஒரு தரப்பு, இடப்பக்கம் இருப்பவர்கள் மறு தரப்பு. புலவர் பாடிய அடியை வாங்கித் திருப்பிப் பாடுவதும், உரைநடையில் கதை சொல்லும்போது ‘ஆமா’ போடுவதும், இடையிடையே கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவதும் அவர்கள் வேலை.

பாட்டுக்குத் தெளிந்த ஒழுங்கு உண்டு. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், பிறகு கதை, முடிவில் வாழி. படித்த புலவர்கள் காவியத்துக்கு வகுத்துக்கொண்ட வரிசையோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. கதைக்குள் போனதும் ஓசை இடத்துக்கு இடம் மாறும். தொழுகைக்கு விருத்தம், வழிநடைக்குச் சிந்து, குழந்தை பிறந்தால் தாலாட்டு, மணவீட்டில் கும்மி, பிணத்தின் முன் ஒப்பாரி. வீட்டிலும் களத்திலும் துக்க வீட்டிலும் பெண்கள் பாடிப் பழகிய வடிவங்களை வில்லுப்பாட்டுத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பொம்மக்காவும் திம்மக்காவும் கணவன் உடல்மேல் விழுந்து அழும் இடம் வரும்போது, கேட்கும் பெண்களுக்கு அது வேறு யாருடைய பாட்டாகவோ தோன்றுவதில்லை. தங்கள் வீட்டு இழவில் தாங்களே கட்டிச் சொன்ன அடிகளின் சாயலை அதில் கேட்கிறார்கள்.

முத்துப்பட்டன் கதையின் கவித்துவம் இந்த ஓசை மாற்றத்தில் பெரிதும் தங்கியிருக்கிறது. பட்டன் வாலப்பகடையிடம் பெண் கேட்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். மேடையில் இருவர் வேடமிட்டு நிற்பதில்லை. ஒரே புலவர், உட்கார்ந்த இடத்தில், இரண்டு குரலையும் ஏற்கிறார். மயங்கி வேண்டுகிறவனின் குரல் இசையில் வருகிறது. கேட்டு, ஐயப்பட்டு, நிபந்தனை சொல்கிறவனின் பேச்சு ஊர் வழக்கில், உரைநடையில் வருகிறது. கற்றவன் கெஞ்சுகிறான், செருப்புத் தைப்பவன் நியாயம் பேசுகிறான். கதையிலேயே அறிவோடு பேசும் மனிதனாக நிற்பவன் வாலப்பகடை. யாருக்கு எந்த ஓசை என்று புலவர் பிரித்துக் கொடுக்கும்போதே அவரது தீர்ப்பும் வெளிப்பட்டுவிடுகிறது.

கொடை இரவு

இந்தப் பாட்டுக்கு உரிய இடம் கொடை. நெல்லை, குமரி வட்டாரங்களில் நாட்டார் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவுக்கு அதுதான் பெயர். அறுவடை முடிந்த கோடையிலும் ஆடி, ஆவணி மாதங்களிலும் கொடைகள் வரிசையாக வரும். கால்நாட்டி, குடியழைத்து, தெய்வத்தின் வரவைப் பாடி, நள்ளிரவில் சாமியாட்டத்தையும் படையலையும் எட்டி, மறுநாள் மஞ்சள் நீராட்டில் முடிவது பொதுவான வழக்கம். எந்தத் தெய்வத்தின் கோயிலில் கொடையோ அந்தத் தெய்வத்தின் கதையைப் பாட வேண்டும். பாட்டு அங்கே சடங்கின் ஓர் உறுப்பு. சாமியை அழைப்பதே பாட்டின் பொறுப்பு.

சாமி வரும் நேரத்துக்கும் கதையின் நேரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970-களின் பிற்பகுதியில் தென்தமிழ்நாட்டில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்தார். 1988-இல் வெளிவந்த அவருடைய நூல், பாடப்படும் கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று இரண்டாகப் பார்க்கிறது. கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு வரும் தெய்வங்களின் கதை ஒரு வகை. மனிதனாகப் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டு, அதன் பிறகு தெய்வமானவர்களின் கதை மற்றொரு வகை. இரண்டாம் வகையில், கொலை பாடப்படும் அந்தக் கட்டத்தில்தான் கொடையும் உச்சம் தொடுகிறது. உரைநடை சுருங்குகிறது, பாட்டு மேலோங்குகிறது, உடுக்கையும் குடமும் வேகம் பிடிக்கின்றன. சாமியாடிகள் எழுகிறார்கள். கதையில் செத்தவன் கூட்டத்தின் நடுவே எழுந்து ஆடத் தொடங்குகிறான்.

நாடகக் கலை பற்றிப் பேசும்போது நடிகன், பாத்திரம், பார்வையாளன் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். கொடையில் அந்தப் பிரிவு நிற்காது. பாடுகிறவர் பாத்திரமாக மாறுவதில்லை. கேட்டுக்கொண்டிருந்தவருள் ஒருவரே பாத்திரமாகிறார். கொல்லப்பட்டவன் திரும்பி வந்து ஊரைக் கேள்வி கேட்கவும் குறி சொல்லவும் விபூதி கொடுக்கவும் கவிதை வழி திறக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகாத வழக்கொன்று ஆண்டுதோறும் அந்த இரவில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முத்துப்பட்டன் கதை இதில் தனித்து நிற்கவில்லை. நாவிதர் குலப் பெண்ணைக் கைவிட மறுத்ததற்காகச் சொந்தக் குடும்பத்தாராலேயே கொல்லப்பட்ட சின்ன நாடானின் கதையும் இந்த வட்டாரத்தில் பாடப்பட்டது. சாதி மீறிய காதலுக்காகக் கொன்றவர்களின் வழிவந்தவர்களையும், கொல்லப்பட்டவனை அஞ்சி வணங்க வேண்டிய நிலையில் இத்தகைய பாட்டுகள் வைத்துவிடுகின்றன. அச்சத்தில் பிறந்த வழிபாடு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் கொலையைக் கொலை என்று, கொல்லப்பட்டவனின் பக்கம் நின்று, ஊர் நடுவில் இரவு முழுவதும் விரித்துப் பாடும் ஏற்பாடு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

நா. வானமாமலையின் பதிப்பு

இந்தக் கதைகளை ஏட்டிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் எடுத்து, வரலாற்று மூலங்களாகப் படிக்கலாம் என்று காட்டியவர் நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980). பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே, நெல்லை ஆய்வுக் குழுவை உருவாக்கி, ‘ஆராய்ச்சி’ என்ற இதழையும் நடத்தினார். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத அவரிடம் மதுரைப் பல்கலைக்கழகம் கதைப்பாடல்களின் பதிப்பை ஒப்படைத்தது. அந்த வரிசையில் ‘முத்துப்பட்டன் கதை’ 1971-இல் வந்தது. கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை ஆகியவையும் அவர் பதிப்பித்தவையே.

முத்துப்பட்டன் கதையில் அவர் முக்கியமான ஒரு முடிச்சைத் தொட்டார். கதையின் சில வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள். காட்டில் விடப்பட்ட அவர்களை வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்தான் என்று ஒரு முன்கதை வருகிறது. அப்படியானால் பட்டன் சாதி மீறவே இல்லை. தெரியாமல் தன் குலத்திலேயே பெண் எடுத்தவன் ஆகிறான். இந்த முன்கதை பிற்காலத்தில் ஒட்டப்பட்டது, கலப்பு மணத்தை ஏற்க முடியாதவர்கள் கதையின் கூர்மையை மழுக்கச் சேர்த்தது என்பது நா. வா.வின் முடிவு.

பாட்டின் அமைப்பைக் கவனித்தாலும் இந்த முடிவு சரியென்றே படுகிறது. பெண்கள் பிராமணர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்ட பிறகு, பூணூலை அறுக்கச் சொல்லும் நிபந்தனையும், அண்ணன்மாரின் சீற்றமும், செருப்புத் தைக்கக் கற்கும் பகுதியும் காரணமற்றுப் போகின்றன. ஆனால் பாட்டு அந்தப் பகுதிகளைக் குறைக்கவில்லை. அவற்றில்தான் அதிக நேரம் செலவிடுகிறது. முன்கதையைச் சேர்த்தவர்களால் நடுக்கதையை மாற்ற முடியவில்லை. மாற்றினால் சொரிமுத்து அய்யனார் கோயிலில் செருப்புக் காணிக்கைக்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

பிளாக்பர்ன் 1989-இல் இந்திய வாய்மொழிக் காப்பியங்களைப் பற்றிய கட்டுரையொன்றில் காட்டிய வளர்ச்சிப் போக்கும் இங்கே துணை நிற்கிறது. கொலை, தெய்வமாதல், வழிபாடு என்பவை உள்ளூர்க் கதையின் கரு. கதை தான் பிறந்த இடத்தைவிட்டுப் பரவும்போது வீரனுக்குத் தெய்வீகப் பிறப்பு சேர்கிறது. இன்னும் விரிந்தால் இராமாயண, பாரதத் தெய்வங்களோடு உறவும் சேர்கிறது. கதையின் முதற்பகுதி பெரும்பாலும் காலத்தால் பிந்தியது. கொல்லப்பட்ட இடத்துக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கு அவன் எப்படிப் பிறந்தான் என்பதைவிட எப்படிச் செத்தான் என்பதே முக்கியம்.

ஏட்டின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். 1930-களில் யூகோஸ்லாவியாவில் மில்மன் பாரி என்ற அறிஞர் குஸ்லே என்னும் நரம்புக் கருவியோடு பாடும் பாணர்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுதப் படிக்கத் தெரியாத பாணர் 12,000 அடிக்கு மேல் ஒரே கதையைப் பாடினார். அந்தப் பதிவுகளை வைத்து பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960-இல் எழுதிய நூல், வாய்மொழிக் கவிஞன் மனப்பாடம் செய்வதில்லை, வழிவழி வந்த சொற்றொடர்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறான் என்று வாதிட்டது. உலகெங்கும் வாய்மொழி ஆய்வை மாற்றிய கருத்து இது. வில்லுப்பாட்டுக்கு இது முழுதாகப் பொருந்தாது. இங்கே புலவரிடம் ஏடு இருந்தது, பிறகு நோட்டுப் புத்தகம் வந்தது. பாட்டு வரிகளை அவர் குருவிடம் பாடம் கேட்டவர். இடையில் வரும் உரைநடையில்தான் அவருக்கு விடுதலை. ஊர்ப் பெயரும் அன்றாடச் செய்தியும் கேலியும் அறிவுரையும் அங்கே நுழைகின்றன. பாட்டு பழமையைக் காக்கிறது, பேச்சு அதை இன்றைய கூட்டத்தோடு பிணைக்கிறது. இரண்டும் ஒரே இரவில் ஒருவர் வாயிலிருந்தே வருவது இக்கலையின் தனித்தன்மை.

ஆற்றங்கரையின் பிற மேடைகள்

முத்துப்பட்டன் கதையை இந்த வட்டாரத்தின் பிற நிகழ்த்து கலைகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் ஆழம் தெரியும். வில்லில்லாமல் மகுடம் என்ற பறை வகையை அடித்துப் பாடும் கணியான் கூத்து, சுடலைமாடன் கொடைகளில் இன்றியமையாதது. உச்சம், மந்தம் என இரண்டு மகுடங்கள், தலைமைப் பாடகரான அண்ணாவியின் பாட்டு, பெண் வேடமிட்ட ஆண்களின் ஆட்டம் ஆகியவற்றோடு, கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் சடங்கும் கணியான்களின் பொறுப்பில் இருந்து வந்திருக்கிறது.

கிழக்கே, தாமிரபரணியில் சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்டது முக்கூடற்பள்ளு. ஆற்றில் வெள்ளம் வருவதையும் நெல் வகைகளையும் உழவுக் கருவிகளையும் விரித்துச் சொல்லும் அந்த நூலில், மூத்த மனைவியும் இளைய மனைவியும் போடும் சண்டை சைவ, வைணவச் சண்டையாக விரிகிறது. வடமேற்கே மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி, மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதரிடமிருந்து நிலக்கொடை பெற்றுத் தந்தது. அந்த நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. 1891-இல் இளம் வயதிலேயே மறைந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில், கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களின் நடைக்குச் சிந்து கட்டினார். பாரதியார் தம் மனைவியின் ஊரான கடையத்தில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்தார். அவர் கையாண்ட சிந்தும் கும்மியும் இந்தச் சீமைக்கு நன்கு பழகிய நடைகள்.

இவற்றுள் பலவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. உழவர், குறவர், செருப்புத் தைப்பவர் என்று, அரண்மனைக் கவிதையில் இடம் பெறாதவர்கள் இவற்றில் வாய் திறந்து பேசுகிறார்கள். ஆனால் பள்ளும் குறவஞ்சியும் படித்த புலவர்கள் எழுதியவை. அவற்றில் எளியவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் வேடிக்கையாகவும் அழகாகவும் வருகிறது. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிப்பதும் நகைச்சுவையோடு கடந்துபோகிறது. வில்லுப்பாட்டில் தண்டனை நகைச்சுவையாவதில்லை. அதைத் தாங்கியவன் தெய்வமாகி எதிரில் நிற்கிறான். இரண்டும் ஒரே நதியின் கரையில் அருகருகே வளர்ந்த கவிதை மரபுகள் என்பதே இந்தப் பகுதியின் செழிப்பு.

திருநெல்வேலியில் 1990-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு கவிதை நாடகத்தின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சுந்தரம் பிள்ளை ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி எழுதி 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம், தமிழுக்குச் செய்யுளில் நாடகம் வேண்டும் என்ற ஏக்கத்தில் பிறந்தது. படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல் அது. அதே காலத்தில், இந்த நிலத்தில், செய்யுளும் உரையும் கலந்த நாடகம் கொடைதோறும் விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. கற்றோர் உலகம் அதை நாடகமாகக் கருத இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கோயிலிலிருந்து மேடைக்கு

இருபதாம் நூற்றாண்டில் வில் கோயிலைவிட்டு வெளியேறியது. நாகர்கோவில்காரரான என்.எஸ். கிருஷ்ணன் அதைச் சென்னைக்குக் கொண்டுபோய் காந்தியின் கதையைப் பாடினார். கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி மகான் கதையை வில்லில் பாடிப் புகழ் பெற்றார். நெல்லைக்கு அருகே சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தை என்.எஸ்.கே. அழைத்துச் சென்றார். பின்னாளில் தமிழகம் முழுவதும் வில்லுப்பாட்டு என்றாலே நினைவுக்கு வரும் பெயராக அவர் வளர்ந்தார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022 அக்டோபரில் மறைந்தார். 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும் இக்கலையை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, எழுத்தறிவு என்று அரசுப் பரப்புரைகளும், கட்சிப் பிரசாரமும், கிறித்தவ நற்செய்தியும் வில்லில் ஏறின.

இந்த மாற்றத்தைத் தாழ்வாகப் பார்க்க வேண்டியதில்லை. சுப்பு ஆறுமுகம் இல்லாவிட்டால் வடதமிழகத்தில் பலருக்கு இப்படி ஒரு கலை இருப்பதே தெரிந்திராது. ஆண்களே வகித்த புலவர் இடத்தில் அமர்ந்து, ஊர் ஊராகக் கொடைகளில் பாடிப் பெயர் பெற்ற குமரி மாவட்டத்துப் பூங்கனி போன்ற பெண்களும் இதே நூற்றாண்டின் வரவு. 2018-இல் மறைந்த பூங்கனி சிறு வயதிலேயே வில்லுக்கு வந்தவர். தாங்களே கட்டியழும் ஒப்பாரியைப் பெண்கள் வில்லின் முன் அமர்ந்து பாடும்போது, முத்துப்பட்டன் கதை போன்றவற்றின் கடைசிப் பகுதிக்குக் கிடைக்கும் வலிமையே வேறு.

ஆனால் மேடைக்கு வந்த வில்லுப்பாட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கதை நிற்க முடியாது. சாமி வர வேண்டிய தேவை இல்லை. அதனால் உச்சத்தை நோக்கி இரவு முழுக்க மெல்ல மெல்ல ஏறும் அமைப்பும் தேவைப்படவில்லை. வாலப்பகடையின் நிபந்தனையை நிறுத்தி நிதானமாகச் சொல்லவும், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து அதை நீட்டவும் குறைக்கவும் மேடையில் நேரமில்லை. மேடைக்கு ஏற்றவை புராணமும் தலைவர்கள் வரலாறும் நற்செய்தியும்தான். கொலையும் சாதியும் உள்ள கதைகள் கொடையிலேயே தங்கிவிட்டன.

கொடையும் இப்போது மாறி வருகிறது. பல ஊர்களில் ஒலிபெருக்கி, மேளம், இன்னிசைக் கச்சேரி ஆகியவற்றுக்கு நடுவே வில்லுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கியிருக்கிறது. கதை முழுவதையும் பாடமாகத் தெரிந்த புலவர்கள் வயதானவர்கள். கைப்பேசிகளில் பதிவாகி இணையத்தில் ஏறும் காட்சிகள் பெரும்பாலும் சாமியாட்டத்தின் சில நிமிடங்கள். அந்த உச்சத்துக்குக் கொண்டுவந்த ஐந்தாறு மணி நேரப் பாட்டு பதிவில் இருப்பதில்லை. சொல்லைக் காணாமல் ஆட்டத்தை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, யார் கொல்லப்பட்டார், எதற்காக, யாரால் என்பது தெரிய வழியில்லை.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. நா. வா. பதிப்பித்தது கதையின் பாட்டுரு. அதற்கு அடுத்த படி, ஒரு கொடை இரவை முதல் காப்பிலிருந்து கடைசி வாழிவரை, இடைப்பட்ட உரைநடைப் பேச்சும் கூட்டத்தின் பதிலும் விடாமல், பாடுகிறவரின் ஒப்புதலோடும் உரிய ஊதியத்தோடும் பதிவு செய்வது. நாட்டார் வழக்காற்றியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வரும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும், மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அம்பாசமுத்திரத்துக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. பொம்மக்காவும் திம்மக்காவும் எந்தக் குலத்தில் பிறந்ததாக இன்றைய புலவர்கள் பாடுகிறார்கள், எந்த ஊரில் முன்கதை சேர்கிறது, எந்த ஊரில் விடப்படுகிறது, கொடை எடுக்கும் சமூகத்துக்கு ஏற்ப அது மாறுகிறதா என்ற கேள்விகளுக்கு அத்தகைய பதிவுகள் மட்டுமே விடை தரும். நா. வா. ஏடுகளை ஒப்பிட்டுத் தொடங்கி வைத்த வாதம், கதை இன்னும் பாடப்படும் மேடைகளில் தொடரப்பட வேண்டும். பாடத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.